உப்பு ஜாடியும் ஒரு திருத்தமும்

சென்ற மாதம் இந்தப் பத்தியில் கடலடிச் சேற்றைப் பற்றி எழுதியபோது ஒரு வரி இப்படி வந்தது: "சேற்றில் புதைந்த நுண்ணுயிர்க் கூடு, ஐந்து கோடி ஆண்டானாலும் மாறாத வெப்பமானி." எழுதும்போது எனக்கே பிடித்திருந்தது. அச்சில் பார்த்தபோது இன்னும் பிடித்தது. பிடித்துப்போகும் வரிகளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது இத்தனை வருடம் எழுதியும் எனக்குப் பழகவில்லை.

ஈப்போவிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். இடைநிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவர். கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறார். படிவம் நான்கு மாணவன் ஒருவன் எழுந்து கேட்டானாம்: "டீச்சர், கூடு சுண்ணாம்புதானே? சுத்தி இருக்கிறது ஈரச் சேறுதானே? சுண்ணாம்பு தண்ணியில கொஞ்சமாச்சும் கரையுமே, அப்புறம் எப்படி மாறாமல் இருக்கும்?" ஆசிரியையிடம் பதில் இல்லை. என்னிடம் அனுப்பிவிட்டார்.

என்னிடமும் உடனே பதில் இல்லை. இரண்டு வாரம் தேடிப் படித்த பிறகு தெரிந்தது, அந்தப் பையன் கேட்ட கேள்வியைக் கடலியல் உலகம் முழுமையாக எதிர்கொள்ளவே பல ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதுவரை வெப்பமண்டலத்தின் பழைய வரலாறு தப்பாகவே எழுதப்பட்டிருந்தது. அதாவது நம் பகுதியின் வரலாறு.

முதலில் வெப்பமானிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சென்ற மாதம் படிக்காதவர்களுக்காக. கடலின் மேற்பரப்பில் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்கள் மிதக்கின்றன. ஃபோராம் என்று சுருக்கிக்கொள்வோம். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறியவை. கடல்நீரிலிருந்து கால்சியம் கார்பனேட்டை எடுத்து, அறை அறையாகக் கூடு கட்டிக்கொள்ளும். செத்ததும் கூடு கீழே இறங்கும். ஆயிரம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் என்ற கணக்கில் கடலடியில் படியும்.

கடல்நீரில் உள்ள ஆக்சிஜனில் ஐந்நூறு அணுக்களுக்கு ஒன்று சற்றுக் கனமானது; ஆக்சிஜன் 18 என்பார்கள். குளிர்ந்த நீரில் கட்டிய கூட்டில் இந்தக் கனமான வகை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், வெதுவெதுப்பான நீரில் கட்டியதில் குறைவாக இருக்கும். இதை வைத்துப் பழங்காலக் கடலின் வெப்பத்தை அளக்கலாம் என்று 1940-களில் ஹெரால்டு யூரி சொன்னார். 1955-ல் சேசரே எமிலியானி அதைக் கடலடிச் சேற்றில் செய்து காட்டினார். ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் என்றால் ஏறக்குறைய நாலு டிகிரி. அழகான கருவி. நான் மயங்கியதில் வியப்பில்லை.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். விடை என் அம்மாவின் சமையலறையில் இருந்தது.

அம்மா இன்னும் கல்லுப்பும் தூளுப்பும் தனித்தனி ஜாடியில் வைப்பவர். பினாங்கில் ஆண்டின் கடைசி மாதங்களில் மழை விட்டு விட்டுப் பெய்யும்போது தூளுப்பு ஜாடி கட்டிப்போய்விடும். நாலு அரிசியைப் போட்டு வைப்பார், அதையும் மீறிக் கட்டும். "உப்பு கட்டிக்கிச்சு, கொஞ்சம் தட்டிக் கொடுய்யா" என்பார். கரண்டிக் காம்பால் குத்தி உடைத்துக் கொடுப்பது சின்ன வயதிலிருந்து என் வேலை. ஜாடிக்குள் யாரும் புதிதாக உப்பைக் கொட்டவில்லை. யாரும் எடுக்கவும் இல்லை. எடை போட்டால் கிட்டத்தட்ட அதே எடைதான் இருக்கும். ஆனால் நேற்று வரை பொலபொலவென்று இருந்தது இன்று ஒரே கல்லாகிவிட்டது.

நடந்தது இதுதான். காற்றிலிருந்த ஈரம் ஒவ்வொரு உப்புப் பொடியின் மேலும் மெல்லிய நீர்ப் படலமாகப் படிகிறது. பொடியின் விளிம்புகள் அந்தப் படலத்தில் கொஞ்சம் கரைகின்றன. கரைந்த உப்பு பக்கத்தில், இரண்டு பொடிகள் தொடும் இடத்தில், மறுபடியும் படிகமாகிறது. ஒரு பக்கம் கரைவதும் இன்னொரு பக்கம் படிவதுமாக, மொத்தக் கணக்கு மாறாமலே, உள்ளே இருக்கும் ஒவ்வொரு படிகமும் மெல்ல வேறு படிகமாகிவிடுகிறது. இதை மறுபடிகமாதல் என்கிறார்கள்.

கடலடியில் சுண்ணாம்புக் கூடுகளுக்கு நடப்பதும் இதேதான். உப்பைவிடச் சுண்ணாம்பு மிக மிக மெதுவாகக் கரையும், அவ்வளவே. அதற்கு ஈடாக அங்கே நேரம் ஏராளம். ஈரத்துக்கும் குறைவில்லை. புதிதாகப் படிந்த கடலடிச் சேற்றில் பாதிக்கும் மேல் தண்ணீர்தான். துகளுக்கும் துகளுக்கும் இடையே சிக்கிக் கிடக்கும் இந்தத் தண்ணீரை இடுக்கு நீர் என்று வைத்துக்கொள்வோம். ஃபோராமின் கூடு மிகச் சிறிய படிகங்களால் ஆனது. அவை முதலில் கரையும். பிறகு கூட்டின் மேலேயும் சுவருக்குள்ளேயும் கொஞ்சம் பெரிய, தடித்த படிகங்களாக மறுபடி படியும். வெளித்தோற்றம் மாறாது. நுண்ணோக்கியில் பார்த்தால் அறைகள், வாய், அலங்காரம் எல்லாம் அப்படியே தெரியும். இன்ன இனம் என்று பெயர்கூடச் சொல்லிவிடலாம். ஆனால் சுவரின் சுண்ணாம்பு பாதி புதுசு.

புதுச் சுண்ணாம்பு எங்கே உருவானது? வெயில் படும் கடல் மேற்பரப்பில் அல்ல. பல ஆயிரம் மீட்டர் கீழே, குளிர்ந்த இடுக்கு நீரில். ஆகவே அது எழுதி வைக்கும் வெப்பநிலை, அந்த உயிர் வாழ்ந்த இடத்தினுடையது அல்ல, அதைப் புதைத்த இடத்தினுடையது.

பாவம் அந்த ஃபோராம். வாழ்ந்த வீட்டின் சுவரைச் சுடுகாட்டில் கொத்தி, அங்கேயே பூசிவிட்டார்கள்.

இது நடக்கிறது என்று எப்படித் தெரியும்? கூட்டைப் பார்த்தால் தெரியாது என்றுதானே சொன்னேன். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது: கூட்டை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கேட்பது.

ஆழ்கடல் துளையிடும் கப்பலில் சேற்றை நீண்ட உருளையாக மேலே இழுப்பார்கள். உருளை மேல்தளத்துக்கு வந்த சில நிமிடங்களிலேயே, இன்ன இடம் என்று முன்பே குறித்து வைத்த இடத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டை முழு வட்டமாக அறுத்துக்கொண்டு வேதியியலாளர் ஓடுவார். மற்ற ஆய்வாளர்களுக்கு இது பிடிக்காது. அவர்கள் படிக்க வேண்டிய புத்தகத்திலிருந்து சில பக்கங்களைக் கிழிப்பது மாதிரி. துண்டின் வெளிப்புறத்தைச் சுரண்டி எறிந்துவிடுவார், அது துளையிடும்போது மேல்நீர் பட்டு அசுத்தமானது. உள்ளே இருக்கும் சுத்தமான சேற்றை டைட்டானியம் உருளைக்குள் வைத்து, ஹைட்ராலிக் அழுத்தியில் பிழிவார். தேங்காய்ப்பால் பிழிவதுபோல்தான், ஆனால் டன் கணக்கான விசையில். அடியில் ஒரு வடிகட்டி, அதற்கும் கீழே ஒரு ஊசிக்குழல். அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும். சில தேக்கரண்டி கிடைத்தால் நல்ல நாள். இந்தப் பிழியும் கருவியை 1960-களில் வடிவமைத்தவர் ஃபிராங்க் மான்ஹெய்ம் என்ற அமெரிக்கப் புவி வேதியியலாளர். அடிப்படை இன்றும் அதுதான்.

ஏன் அந்த ஓட்டம்? ஆழத்தின் அழுத்தத்திலும் குளிரிலும் இருந்த தண்ணீர் மேலே வந்ததும் அதில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறத் தொடங்கும். காரத்தன்மை மாறும். சுண்ணாம்பு குழாய்க்குள்ளேயே படியத் தொடங்கலாம். கொஞ்ச நேரம் கோப்பி குடித்துவிட்டு வந்தால் அளக்க வேண்டியது போய்விட்டிருக்கும். அதனால் காரத்தன்மையை அங்கேயே, அப்போதே அளந்துவிடுவார்கள்.

அந்தச் சில தேக்கரண்டித் தண்ணீரில் தேடுவது ஸ்ட்ரான்ஷியம். இது கால்சியத்தின் உறவுக்கார உலோகம். உயிருள்ள ஃபோராம் அவசரமாகக் கூடு கட்டும்போது கால்சியத்தோடு கொஞ்சம் ஸ்ட்ரான்ஷியத்தையும் சேர்த்துக் கட்டிவிடும். ஆனால் சேற்றுக்குள் சாவகாசமாக மறுபடிகமாகும் சுண்ணாம்பு ஸ்ட்ரான்ஷியத்தை அவ்வளவாகச் சேர்த்துக்கொள்வதில்லை. மீதியை வெளியே தள்ளிவிடும். எங்கே தள்ளும்? இடுக்கு நீருக்குள்.

எங்கள் தாமானில் பக்கத்து வீட்டில் மராமத்து நடந்தபோது உள்ளே என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். ஆனால் வாசலில் நிற்கும் லோரியில் ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை உடைந்த செங்கல் ஏறுகிறது என்று எண்ணினால் எத்தனை சுவர் போயிற்று என்று ஒரு கணக்குக்கு வரலாம். இடுக்கு நீரின் ஸ்ட்ரான்ஷியம் அந்தச் செங்கல் மூட்டை. சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் இருக்கும். சுண்ணாம்புச் சேற்றுக்குள் ஆழம் போகப் போக அது ஏறிக்கொண்டே போய், சில இடங்களில் பல மடங்காகிவிடுகிறது. 1982-ல் பேக்கர், கீஸ்கஸ், எல்டர்ஃபீல்டு மூவரும் பல கடல்களின் சேற்றிலிருந்து இந்தக் கணக்கைத் திரட்டி வெளியிட்டார்கள். கீஸ்கஸ் என்பவர் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் கழகத்தில் இடுக்கு நீருக்காகவே பெரும்பகுதி வாழ்நாளைச் செலவிட்டவர். கூடுகள் உள்ளுக்குள் புதுப்பிக்கப்படுகின்றன என்பதற்குத் தண்ணீரே சாட்சி சொல்லிவிட்டது.

ஆக, 1982-லேயே தடயம் கையில் இருந்தது. ஆனாலும் பழைய வெப்பநிலைக் கணக்குகள் பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. தண்ணீரைப் படிப்பவர்கள் ஒரு மேசை, கூட்டைப் படிப்பவர்கள் இன்னொரு மேசை. அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் இது புரியும்.

இந்த இடத்தில்தான் நம் விவகாரம் ஆரம்பிக்கிறது. 5.6 கோடி ஆண்டிலிருந்து 3.4 கோடி ஆண்டு முன்பு வரை இயோசீன் என்றொரு காலம். பூமி இன்றைவிட மிகச் சூடாக இருந்தது. கனடாவின் வட கோடியில் இருக்கும் எல்ஸ்மியர் தீவில் அப்போது முதலை இனங்கள் வாழ்ந்திருக்கின்றன; இன்று அங்கே பனிக்கரடி நடமாடுகிறது. துருவம் அப்படி என்றால் நிலநடுக்கோடு எப்படிக் கொதித்திருக்கும்? ஆனால் கூடுகளை அளந்தால் வெப்பமண்டலக் கடல் 15-லிருந்து 23 டிகிரிதான் என்று வந்தது. இன்றைய மலாக்கா நீரிணை 29, 30 டிகிரியில் இருக்கிறது. அதாவது முதலைகள் ஆர்க்டிக்கில் குளிர்காய்ந்த காலத்தில் நம் கடல் இன்றைவிடக் குளிராம்! கேமரன் மலைக் காற்றுபோலவாம்! இதற்குக் 'குளிர்ந்த வெப்பமண்டல முரண்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கணினி மாதிரிகளால் எவ்வளவு முயன்றும் இப்படி ஒரு பூமியை உருவாக்க முடியவில்லை.

முரண் என்று பெயர் வைத்துவிட்டால் அதோடு வாழப் பழகிவிடுகிறோம். சிலர் மாதிரிகள்தான் தவறு என்றார்கள். வெப்பமண்டலம் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும் ஏதோ ஒரு வழி இருக்க வேண்டும் என்ற எண்ணமும் அப்போது உலவியது. தமிழகத்தில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, அமெரிக்காவில் பருவநிலை ஆய்வில் பெரும் பெயர் பெற்ற வீ. ராமநாதன், வில்லியம் காலின்ஸுடன் சேர்ந்து 1991-ல் இன்றைய கடலையும் செயற்கைக்கோள் தகவலையும் வைத்து ஒரு கருத்தை முன்வைத்தார். கடல் சூடானால் உயரத்தில் அடர்ந்த மேகம் திரண்டு வெயிலைத் திருப்பி அனுப்பும், அதனால் வெப்பமண்டலக் கடல் ஏறக்குறைய 32 டிகிரியைத் தாண்டுவது கடினம் என்பது அதன் சாரம். அவர் ஃபோராம்களை வைத்துப் பேசவில்லை, மேகத்தை வைத்துப் பேசினார். அது பெரிய விவாதமானது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு, பூமி எவ்வளவு சூடானாலும் நிலநடுக்கோட்டுக்காரர்கள் தப்பிவிடுவார்கள் என்ற ஆறுதல் கிடைத்திருக்கும். எனக்குக் கிடைத்திருக்கும்.

இப்போது மனக்கணக்கு ஒன்று. இயோசீன் காலத்து ஆழ்கடல் இன்றுபோல் 2 டிகிரி அல்ல. சூடான உச்சத்தில் 10 டிகிரி அளவில் இருந்தது. மேற்பரப்பு உண்மையில் 30 டிகிரி என்று வைப்போம். 30 டிகிரியில் கட்டிய கூட்டின் சுண்ணாம்பில் சரிபாதி, 10 டிகிரி இடுக்கு நீரில் மறுபடிகமாகிவிட்டது என்று வைப்போம். கூட்டை முழுசாகப் பொடித்துக் கருவியில் போட்டால் என்ன வரும்? 20 டிகிரி. பதினைந்துக்கும் இருபத்து மூன்றுக்கும் நடுவே, அச்சாக.

அதே பாதி மறுபடிகமாதல் துருவக் கடலில் நடந்தால்? அங்கே மேல்நீரும் அடிநீரும் ஏறக்குறைய ஒரே வெப்பம். பிழை பெரிதாகத் தெரியாது. அதனால் துருவக் கணக்கு சரியாகவும் வெப்பமண்டலக் கணக்கு மட்டும் தப்பாகவும் வரும். டேனியல் ஷ்ராக், டொனால்டு டிபாவ்லோ, ஃபிராங்க் ரிக்டர் ஆகியோர் 1990-களில் இடுக்கு நீரின் வேதியியலை வைத்து இந்தப் பிழையை எப்படிக் கழிப்பது என்று கணித முறையில் காட்டினார்கள்.

கணிதம் ஒரு பக்கம் இருக்கட்டும், மாறாத கூடு ஒன்று கையில் கிடைத்தால் சண்டையே தேவையில்லை அல்லவா? அது கிடைத்த இடம் கடலில் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியாவின் தென்கரையில், கில்வா, லிண்டி வட்டாரங்களில். அங்கே ஒருகாலத்துக் கடலடி இன்று நிலமாகிக் கிடக்கிறது. சேறு அங்கே வெள்ளைச் சுண்ணாம்புச் சேறு அல்ல, களிமண். களிமண் தண்ணீரை உள்ளே நகர விடாது. நம் வீட்டுத் தோட்டத்தில் களிமண் இருந்தால் மழைநீர் தேங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கூடுகள் தண்ணீரோடு கொடுக்கல் வாங்கல் இல்லாமல் களிமண்ணுக்குள் பொதிந்து கிடந்தன. ஆழமாகப் புதையவும் இல்லை.

அந்தக் கூடுகளைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தால் கண்ணாடிபோல் மின்னும், உள்ளே தெரியும். ஆழ்கடல் சுண்ணாம்புச் சேற்றுக் கூடுகளோ உறைபனி படிந்த குடுவைபோல் வெளுத்திருக்கும். 'கண்ணாடி' என்றும் 'உறைபனி' என்றும் ஆய்வாளர்கள் பிற்பாடு இரண்டு வகையாகவே பெயரிட்டுக்கொண்டார்கள். இத்தனை வருடமாக அளந்தவற்றில் பெரும்பாலானவை உறைபனிக் கூடுகள். வெளுப்பாக இருப்பதுதான் கூட்டின் இயல்பு என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

பால் பியர்சன் குழு 2001-ல் 'நேச்சர்' இதழில் கண்ணாடிக் கூடுகளின் கணக்கை வெளியிட்டது. வெப்பமண்டலக் கடல் குறைந்தபட்சம் 28 முதல் 32 டிகிரி. ஒரே கட்டுரையில் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறிவிட்டது. முரண் போயிற்று. முதலைகள் சரி, மாதிரிகள் சரி; கூட்டைத்தான் தப்பாக வாசித்திருந்தோம்.

இத்தோடு முடிந்திருந்தாலும் 32 டிகிரி உச்சவரம்பு என்ற ஆறுதல் மிச்சமிருந்திருக்கும். 2017-ல் அதுவும் ஆடியது. நைஜீரியாவில், 5.6 கோடி ஆண்டுக்கு முன் பூமி திடீரெனச் சூடேறிய கட்டத்தின் படிவுகளை ஃபிரீலிங் என்பவரும் கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். கூடுகளை மட்டும் நம்பாமல், நுண்ணுயிரிகள் விட்டுச்சென்ற கொழுப்பு மூலக்கூறுகளையும் அளந்தார்கள். கொழுப்புக்கு இந்த மறுபடிகமாகும் தொல்லை கிடையாது. வந்த விடை 36 டிகிரிக்கும் மேல். அங்கே மேற்பரப்பில் மிதந்த நுண்ணுயிரிகள் சூடு தாங்காமல் குறைந்துபோன அறிகுறியும் இருந்தது. 36 டிகிரிக் கடல் என்றால் கைவைத்தால் நம் உடம்புச் சூடு. நிலநடுக்கோட்டுக்குத் தனிச் சலுகை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பையன் அடுத்து என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும்: "கண்ணாடிக் கூடு மட்டும் மாறவில்லை என்று எப்படிச் சொல்வது?" அதையும் கேட்டுவிட்டார்கள். அதே 2017-ல் சில்வான் பெர்னார்டு தலைமையிலான குழு, இன்றைய கூடுகளை ஆக்சிஜன் 18 மிகுந்த நீரில் உயர் வெப்பத்தில் வைத்துப் பார்த்தது. தோற்றம் துளியும் மாறாமலே உள்ளே ஆக்சிஜன் மாறியிருந்தது. கண்ணுக்குப் பளபளப்பாக இருப்பதே போதுமான சான்றாகாது என்றார்கள். மறுத்து எழுதியவர்கள், கண்ணாடிக் கூடு தரும் விடை வேறு தனி வழிகளில் வரும் விடையோடு ஒத்துப்போகிறதே, அது எப்படித் தற்செயலாகும் என்று கேட்டார்கள். என் சாய்வு மறுத்தவர்கள் பக்கம். ஆனால் முதல் குழு செய்த சோதனை நல்ல சோதனை.

இடுக்கு நீரை இதுவரை குற்றவாளியாகவும் சாட்சியாகவும் மட்டுமே சொல்லிவிட்டேன். அது நியாயமில்லை. சில சமயம் அதுவே ஆவணம்.

2015-ன் கடைசி மாதங்களில் 'ஜாய்டஸ் ரெசல்யூஷன்' என்ற துளையிடும் கப்பல் மாலத்தீவின் சுண்ணாம்புப் படிவுகளைத் துளைத்துக்கொண்டிருந்தது. நோக்கம் பருவக்காற்றும் கடல் நீரோட்டமும் அந்தப் படிவுகளை எப்படி உருவாக்கின என்று பார்ப்பது. வழக்கம்போல் தண்ணீரைப் பிழிந்தார்கள். தண்ணீர் சாதாரணக் கடல்நீரைவிட மிகவும் உப்பாக இருந்தது. கிளாரா பிளாட்லர் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் குப்பிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் ஐசோடோப்புகளையெல்லாம் அளந்து 2019-ல் சொன்னார்கள்: இது இன்றைய கடல் அல்ல, சுமார் 20,000 ஆண்டுக்கு முந்தைய பனியுகக் கடலின் மிச்சம்.

உப்பு ஏன் கூடியது என்பது எளிது. பனியுகத்தில் ஏராளமான நீர் நிலத்தில் பனிப்பாறையாகக் குவிந்தது. கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியது. கடலின் சராசரி ஆழம் 3,700 மீட்டர் சொச்சம். நீர் மூன்று விழுக்காடு குறைந்தது, உப்பு அப்படியே இருந்தது. அப்போது தென் சீனக் கடலின் இந்தப் பக்கம் பெரும்பாலும் தரை. மலாயாவிலிருந்து போர்னியோவுக்கு நடந்தே போகலாம். அந்தக் கடலின் நீர் சேற்று இடுக்குகளில் புகுந்து, மெல்லக் கீழே பரவி, மேலே கடல் திரும்ப நிரம்பிய பிறகும் அங்கேயே தங்கிவிட்டது. கூடு பழையது, தண்ணீர் புதியது என்று நினைக்கத் தோன்றும், அப்படியும் இல்லை.

அந்தக் கப்பலுக்கும் நம் பக்கத்துக்கும் பழக்கம் உண்டு. அதை முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தது சிங்கப்பூரின் ஜூரோங் கப்பல் பட்டறையில். 2009-ன் தொடக்கத்தில் அங்கிருந்து புதுக் கப்பலாக வெளியேறியது. 2014 நவம்பரில் மறுபடி சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, இந்தியப் பெருங்கடலில் தொண்ணூறு கிழக்கு மேடு என்னும் கடலடி மலைத்தொடரில் துளையிட்டது. அந்த இடம் பினாங்கிலிருந்து நேர் மேற்கே, ஏறக்குறைய அதே அட்சரேகையில், சுமார் 1,100 கிலோமீட்டர். குர்னி கடற்கரையில் நின்று சூரியன் இறங்கும் திசையைப் பார்த்தால், சுமத்ராவின் வடமுனையைத் தாண்டி, அந்தப் பக்கம். அங்கே 2,900 மீட்டர் தண்ணீருக்குக் கீழே, டைனோசர்கள் வாழ்ந்த காலம் வரைக்கும் போகும் சுண்ணாம்புச் சேறு கிடக்கிறது. அதிலிருந்தும் இடுக்கு நீரைப் பிழிந்து அளந்தார்கள்.

அந்தச் சேற்று உருளைகள் இப்போது கொச்சியில் இருக்கின்றன. கேரளக் கொச்சி அல்ல, ஜப்பானில் ஷிகோகு தீவில் உள்ள கொச்சி. குளிரறையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்து ஒரு துண்டு கேட்கலாம். இன்னும் முப்பது ஆண்டு கழித்தும் கேட்கலாம். ஆனால் தண்ணீரைக் கேட்க முடியாது. அது கப்பலில் அன்றைக்குப் பிழிந்ததுதான். அறையில் இருக்கும் உருளை ஆக்சிஜன் பட்டு, காய்ந்து, மாறிக்கொண்டே இருக்கும். கப்பலும் 2024-ல் ஓய்வு பெற்றுவிட்டது. அமெரிக்கா அதற்குப் பதில் இன்னொன்றை விடவில்லை. சீனாவும் ஜப்பானும் பெரிய துளையிடும் கப்பல்கள் வைத்திருக்கின்றன. ஆனாலும் ஆண்டுக்கு நாலைந்து முறை உலகச் சேற்றைப் பிழிந்துகொண்டிருந்த அந்த ஓட்டம் நின்றது எனக்கு வருத்தம்தான்.

ஈப்போ ஆசிரியைக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். வகுப்பில் ஒரு சோதனை செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். சுண்ணாம்பை வைத்துச் செய்தால் மாணவர்கள் படிவம் ஐந்து முடித்து, பேரன் எடுத்துவிடுவார்கள். உப்பை வைத்துச் செய்யச் சொன்னேன். நன்றாகப் பொடித்த உப்பை இரண்டு குப்பியில் போட்டு, ஒன்றை இறுக மூடி, இன்னொன்றைத் திறந்தபடி மழைக்காலத்தில் சன்னலோரம் வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். மூடிய குப்பி தான்சானியா, திறந்த குப்பி ஆழ்கடல்.

அந்தப் பையனுக்கு வாக்குக் கொடுத்தபடி, திருத்தம்: சென்ற மாதப் பத்தியில் "ஐந்து கோடி ஆண்டானாலும் மாறாத வெப்பமானி" என்று இருந்ததை, "சேற்றுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் வெப்பமானி, தண்ணீர் புகாத களிமண்ணில் மிக மெதுவாக" என்று வாசித்துக்கொள்ளவும்.